தாத்தாவின் மோரிஸ் மைனருக்கு ஐந்தாவது கியர் தேவையா?

தீபாவளிக்கு மறுநாள் காலை. சுங்கை பஞ்சாங்கில் எங்கள் வீட்டு முற்றத்திலிருந்து தாத்தாவின் மோரிஸ் மைனரை நான்தான் வெளியே எடுத்தேன். அப்பா பக்கத்து இருக்கையில். எழுபத்திரண்டு வயதாகிறது அவருக்கு. ஓராண்டாக ஸ்டேரிங்கைத் தொடவில்லை. "தோள்பட்டை போச்சும்மா. முன்ன மாதிரி திருப்ப முடியல. இனிமே நீயே ஓட்டு" என்று சாவியை என் கையில் கொடுத்துவிட்டார்.

வாய்க்கால் கரைச் சாலைக்கு வந்ததும் இரண்டாவது கியரைப் போட்டேன். பல்லைக் கடிப்பது போல ஒரு சத்தம். எப்படியோ விழுந்தது. வளைவுக்காக எண்ணெயிலிருந்து காலை எடுத்தவுடன் கியர் தானாகவே நியூட்ரலுக்குக் குதித்துவிட்டது. மறுபடி போட்டேன். மறுபடி குதித்தது.

"கையால அழுத்திப் புடிச்சுக்கோ. நான் ரெண்டு வருஷமா அப்படித்தான் ஓட்டினேன்" என்றார் அப்பா, அது ஏதோ ஓட்டுநர் பள்ளியில் சொல்லித்தரும் முறை போல.

வானொலியில் வேலை செய்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தச் சத்தம் கேட்டாலும் பதிவு செய்யத் தோன்றும். கைப்பேசியைக் கியர் கம்பிக்குப் பக்கத்தில் பிடித்துக்கொள்ளும்படி அப்பாவிடம் கொடுத்து, நான்கு கியர்களிலும் தனித்தனியாக ஓட்டிப் பதிவு செய்தேன். தஞ்சோங் காராங்கில் அப்பாவுக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவருக்கு அனுப்பினேன். அறுபதைத் தாண்டியவர், இளமையில் இந்தக் கார்களோடு வளர்ந்தவர். பத்து நிமிடத்தில் குரல் பதிவு வந்தது: "மொத மூணு கியர்லயும் உறுமுது, நாலாவதுல அடங்குது, கேட்டியா? லேஷாஃப்ட் பேரிங் போச்சு. கொண்டா காடிய."

என் காதுக்கு வெறும் இரைச்சலாக இருந்தது அவருக்கு நோய்க் குறிப்பாக இருந்தது. காரணம் எளிது. இந்தக் காரில் நான்காவது கியர் நேரடி கியர். என்ஜினின் சுழற்சி வேறு பல்சக்கரங்கள் வழியாகச் சுற்றிப் போகாமல் அப்படியே பின்சக்கரத்துக்குப் போகிறது. மற்ற மூன்று கியர்களில் கீழே இருக்கும் லேஷாஃப்ட் என்ற துணைத் தண்டு சுமையைத் தாங்குகிறது. அதன் பேரிங் தேய்ந்திருந்தால் மூன்றில் முனகும், நான்கில் மௌனமாகும். பழைய கார் வைத்திருப்பவர்கள் இந்த ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டாலே பட்டறையில் பாதிப் பேச்சு மிச்சம்.

டிரஸ்ஸர் வாங்கிய கார்

தாத்தா தோட்டத்து டிரஸ்ஸர். அந்தக் காலத்தில் தோட்ட ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர்தான் பாதி டாக்டர். 1960இல் தயாரான மைனர் 1000, 948 சிசி. ஊருக்குத் திரும்பிய ஒரு சின்னத் துரையிடமிருந்து 1965இல் பழைய காராகத் தாத்தா வாங்கினார். திரும்பும்போது கதவுத் தூணிலிருந்து சிறகு மாதிரி வெளியே நீளும் கைகாட்டி இன்னமும் அதில் இருக்கிறது. 1961க்குப் பிறகு வந்த மைனர்களில் அது கிடையாது. வலி எடுத்த பெண்களை நடுராத்திரியில் செம்மண் சாலையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன கார் என்பதால், எங்கள் பக்கத்தில் ஐம்பதைத் தாண்டிய சிலர் இன்றும் அதைப் பார்த்தால் பானட்டைத் தட்டிக்கொடுத்துவிட்டுத்தான் போவார்கள்.

மைனர் 1948இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமானது. வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். பின்னாளில் மினியை உருவாக்கியவரும் அவரே. 1971 வரை மொத்தம் 16 லட்சத்துக்கும் மேல் தயாரானது. ஒரு மில்லியன் கார்களைத் தாண்டிய முதல் பிரிட்டிஷ் கார் இதுதான். மலாயாவில் வாத்தியார், கிராணி, டிரஸ்ஸர் என்று கொஞ்சம் நிலையான சம்பளம் வாங்கியவர்களின் கார் அது. இலங்கையில் இன்னமும் ஓடுகிறது. 1990களில் அங்கே உதிரிப் பாகங்கள் செய்து, கார் பிறந்த பிரிட்டனுக்கே அனுப்பினார்கள்.

எனக்கு அதன் வரலாற்றில் பிடித்த இடம் வேறு. மாதிரிக் கார் தயாரான பிறகு, ஒல்லியாக இருக்கிறதே என்று இசிகோனிஸுக்கு உறுத்தியதாம். நீளவாக்கில் இரண்டாக அறுக்கச் சொன்னார். இரு பாதிகளையும் தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்து, 4 அங்குலம் அகலமாக்கினார். மைனரின் பானட் நடுவில் தட்டையாக ஒரு பட்டை ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அது அழகுக்காக வந்ததல்ல; அந்த அறுவையின் தழும்பு. பழைய காரில் கை வைத்தால் பாவம் என்பவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன்.

என் திட்டம்

எனக்கு ஐந்து கியர் வேண்டும். கோலாலம்பூரிலிருந்து லாத்தார் நெடுஞ்சாலை வழியாக இந்தக் காரை ஓட்டிக்கொண்டு வரவேண்டும் என்பது பல நாள் ஆசை. நான்காவது கியரில் 80 கிலோமீட்டரைத் தொடும்போது என்ஜின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 3,300 சுற்று சுற்றுகிறது. பேசினால் காது கேட்காது. பின்னால் வரும் லாரி விளக்கைப் போட்டு மிரட்டும்.

நம் நாட்டில் இதற்கு வழி இல்லாமல் இல்லை. டட்சன் 120ஒய்யின் 1,171 சிசி என்ஜினையும் அதன் கியர்பாக்ஸையும் சேர்த்தே மைனரில் உட்கார்த்திய கார்கள் நிறைய உண்டு. டொயோட்டா கொரோலா கேஇ70, நம் ஆட்கள் ‘டிஎக்ஸ்’ என்று சொல்வது, அதன் ஐந்து கியர் பெட்டியையும் போடுகிறார்கள். பிரிட்டனில் ஃபோர்டு சியராவின் பெட்டி பிரபலம். அதன் ஐந்தாவது கியரில் என்ஜினின் சுற்று நான்காவதைவிட ஏறக்குறைய 18 விழுக்காடு குறையும். காரைச் செய்த கம்பெனிகளே இதைச் செய்திருக்கின்றன. மைனரின் அண்ணன் முறையான மோரிஸ் ஆக்ஸ்ஃபர்டிலிருந்து பிறந்ததுதான் இந்தியாவின் அம்பாசிடர். 1990களில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் அதற்கு இசுசு என்ஜினும் ஐந்து கியரும் கொடுத்து ஓடவிட்டது.

போனஸ் பணத்தை ஒதுக்கி வைத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். அப்பாவும் வந்தார். வேலை பார்க்கும் பையன் என்னைத் தாண்டி அப்பாவிடமே எல்லாவற்றையும் கேட்டான். அப்பா ஒவ்வொரு முறையும் "அதுகிட்ட கேளு, காசு அதுதான் கொடுக்குது" என்றார்.

‘டக்’

மெக்கானிக் கியர்பாக்ஸ் பக்கமே போகவில்லை. முன்பக்கத்தை ஜாக்கி போட்டுத் தூக்கினார். சக்கரத்தின் உச்சியில் ஒரு கை, அடியில் ஒரு கை வைத்து உள்ளே வெளியே ஆட்டினார்.

டக். டக்.

"கேட்டுச்சா? இதப் பதிவு பண்ணு" என்றார் என்னிடம். பிறகு அப்பாவைப் பார்த்து, "அண்ணே, கியர்பாக்ஸ் கெட்டா காடி நின்னுடும். இது கெட்டா காடி படுத்துடும்."

அவர் சொன்னது டிரனியன் என்ற பாகத்தை. மைனரின் முன்சக்கரம் ஒரு கிங் பின்னைத் தாங்கி நிற்கிறது. அந்தப் பின்னின் மேல் முனையிலும் கீழ் முனையிலும் திருகு மரை. போல்ட்டில் நட்டு ஏறுவது போல, அந்த மரைகளில் டிரனியன்கள் ஏறி உட்கார்ந்திருக்கும். ஸ்டேரிங்கைத் திருப்பும்போது சக்கரம் இந்த மரைகளில்தான் திரும்புகிறது. உலோகத்துக்கும் உலோகத்துக்கும் நடுவே இருப்பது கிரீஸ் மட்டுமே. கிரீஸ் வறண்டால் மரை தேயும். தேய்ந்துகொண்டே போய் ஒருநாள் கீழ் டிரனியனிலிருந்து பின் கழன்றுவிடும். அப்போது சக்கரம் மடங்கி, காரின் மூக்கு தரையில் விழும். பெரும்பாலும் இது வேகத்தில் நடப்பதில்லை. மெதுவாக, முழுதாக ஒடித்துத் திருப்பும்போது நடக்கிறது. அதை அதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் எப்போதும் அப்படி இருக்கும் என்று யாரும் எழுதித் தரவில்லை.

அப்பாவுக்கு உடனே ஞாபகம் வந்தது. எழுபதுகளில் பக்கத்துத் தோட்டத்துக் கிராணியாரின் மைனர், ஆபீஸ் வாசலில் திரும்பும்போது அப்படியே முன்னங்காலை மடக்கிய மாடு மாதிரி உட்கார்ந்துவிட்டதாம். எதிலும் மோதவில்லை. ஆள் நடக்கும் வேகம்தான். ஜனங்கள் ஓடிவந்து, என்ன விபத்து என்று புரியாமல் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்களாம்.

எங்கள் கார் எப்படி இந்த நிலைக்கு வந்தது? அப்பா கண்டிப்பானவர். ஆயிரம் மைல், அதாவது 1,600 கிலோமீட்டருக்கு ஒரு முறை கிரீஸ் என்ற பழைய கணக்கைத் தவறவிட்டதில்லை. முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு குனிய முடியாமல், வெளியே ஒரு பட்டறையில் விட்டார். அதே காலத்தில்தான் காருக்குப் புதுச் சாயமும் அடித்தோம். நான் படம் எடுத்துப் போட்டு, எத்தனையோ பேர் வாழ்த்துச் சொன்ன சாயம். அடிப்பாகத்துக்கும் கறுப்புப் பூச்சுப் பூசினார்கள். கிரீஸ் நிப்பிள்களின் வாயையும் சேர்த்துப் பூசிவிட்டார்கள். அதன் பிறகு கிரீஸ் துப்பாக்கியை வைத்து அழுத்தியவர், உள்ளே போகிறதா என்று பார்க்கவில்லை. மூன்று வருஷம். மெக்கானிக் ஆணியால் பூச்சைச் சுரண்டிக் காட்டியபோது, உள்ளே இருந்தது கிரீஸ் இல்லை. காய்ந்த தார் போல ஏதோ.

நான் ஐந்து கியரைப் பற்றி வாயே திறக்கவில்லை.

தோள்பட்டையா, கிரீஸா?

நான்கு டிரனியன்களும் இரண்டு கிங் பின்களும் புதிதாக வந்தன. இடப்பக்கத்துக்குரியது வலப்பக்கத்துக்குப் பொருந்தாது; ஆர்டர் செய்யும்போது கவனம் தேவை. டை ரோட் எண்டுகளையும் மாற்றினோம். அதுவும் சோதிக்க எளிதுதான். சக்கரத்தின் இடமும் வலமும் கை வைத்து ஆட்டும்போது ஆட்டம் தெரிந்தால் கோளாறு டை ரோட் எண்டிலோ ரேக்கிலோ. மேலும் கீழும் வைத்து ஆட்டும்போது தெரிந்தால் டிரனியனில்.

ஸ்டேரிங் ரேக் மட்டும் அதிசயமாக நன்றாக இருந்தது. 1948இலேயே இசிகோனிஸ் இந்தச் சின்னக் காருக்கு ரேக் அண்ட் பினியன் கொடுத்தார். ஸ்டேரிங் தண்டின் நுனியில் ஒரு சின்னப் பல்சக்கரம். அது பல் வெட்டிய கம்பியை இடமும் வலமும் நேராகத் தள்ளும். அன்று பல கார்களில் இருந்தது வார்ம் என்னும் திருகாணி வகைப் பெட்டி. நடுவில் எத்தனையோ மூட்டுகள் இருந்ததால், ஸ்டேரிங்கைத் திருப்பியதற்கும் கார் திரும்புவதற்கும் நடுவே ஒரு யோசனை இருக்கும். மைனரில் அந்த யோசனை கிடையாது. இன்று நீங்கள் ஓட்டும் மைவியிலும் சாகாவிலும் இருப்பது இதே தத்துவம்தான். ரேக்கின் இரு முனையிலும் இருக்கும் ரப்பர் உறைகள் கிழிந்திருந்தன. தண்ணீர் உள்ளே போவதற்கு முன் மாற்றி, புது எண்ணெய் விட்டோம்.

அப்பாவின் தோளுக்காக மின்சாரப் பவர் ஸ்டேரிங் பொருத்தலாமா என்றும் கேட்டேன். நவீனச் சின்னக் கார்களின் ஸ்டேரிங் தண்டில் இருக்கும் மோட்டாரை எடுத்து மைனரில் பொருத்துகிறார்கள். முடியாத காரியம் இல்லை. ஆனால் மைனரின் பழைய டைனமோ கொடுப்பது சுமார் 20 ஆம்பியர். மோட்டார் கேட்பது அதைவிட அதிகம். டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் போட வேண்டும். பாசிட்டிவ் எர்த்தாக இருக்கும் வயரிங்கை மாற்ற வேண்டும். ஸ்டேரிங் தண்டையே வெட்டிச் சேர்க்கும் வேலை என்பதால் முதலில் ஜேபிஜேவிடமும் காப்புறுதி நிறுவனத்திடமும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

"மொதல்ல இத ஓட்டிப் பாருங்க. அப்புறம் பேசலாம்" என்றார் மெக்கானிக்.

அப்பா பட்டறை வாசலிலேயே உட்கார்ந்து இடமும் வலமும் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. மறுபடி திருப்பினார். சாலைக்கு எடுத்துப் போய், திரும்பி வந்து, பெட்ரோல் நிலையத்துக்கு எதிரே ஒரே மூச்சில் ஒடித்து நிறுத்தினார். வறண்ட மரை ஸ்டேரிங்கை எவ்வளவு கனமாக்கும் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஏறத்தாழ 750 கிலோ எடையுள்ள கார் இது. பவர் ஸ்டேரிங் இல்லாமலேயே ஒரு கையால் திருப்பத்தக்கதாகத்தான் செய்திருக்கிறார்கள். ஓராண்டாக அப்பா தன் வயதைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார். நாங்களும் ஆமாம் போட்டுக்கொண்டிருந்தோம்.

தப்பான எண்ணெய்

இனி கியர்பாக்ஸ். இருக்கைகளைக் கழற்றி, தரைவிரிப்பைச் சுருட்டி, கியர்பாக்ஸ் மூடியைத் திறந்து, கீழே குறுக்குச் சட்டத்தை எடுத்தால் பெட்டி இறங்கிவிடும். எண்ணெயை வடித்தபோது மெக்கானிக் விரலில் தொட்டுத் தேய்த்து முகர்ந்தார். "யாரோ 90 கியர் ஆயில் ஊத்தியிருக்காங்க."

மைனர் வைத்திருப்பவர்களில் பாதிப் பேருக்கு இது தெரியாது என்று நினைக்கிறேன், எனக்கும் தெரியாது. இந்தக் கியர்பாக்ஸுக்கு ஊற்ற வேண்டியது கியர் எண்ணெய் இல்லை, என்ஜின் எண்ணெய். கியர் விழும்போது இரண்டு சக்கரங்களின் வேகத்தையும் சமமாக்குவது சின்க்ரோ என்ற வளையம். எண்ணெய் தடித்திருந்தால் அந்த வளையம் பிடிக்கத் தாமதமாகும். அதனால்தான் பல்லைக் கடித்தது. சில வகைக் கியர் எண்ணெயில் இருக்கும் ரசாயனம் வெண்கலப் பாகங்களை அரிக்கவும் செய்யும். எண்ணெய் ஊற்றும் துளையும் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய இடத்தில், காருக்குள்ளே விரிப்பின் அடியில், ஒரு ரப்பர் மூடிக்குக் கீழே இருக்கிறது.

இந்தப் பெட்டியில் முதல் கியருக்கு சின்க்ரோ கிடையவே கிடையாது. கார் முழுதாக நின்ற பிறகுதான் போட வேண்டும். அப்பா இரண்டு தரம் கிளச் மிதித்து, நடுவில் என்ஜினை உறுமவிட்டு, ஓடும்போதே சத்தமில்லாமல் போடுவார். எனக்கு இன்னமும் வரவில்லை.

எங்கள் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. பழைய பெட்டியையே புதுப்பிப்பது ஒன்று. 1962க்குப் பிறகு 1,098 சிசி மைனரில் வந்த, வெளிப்புறம் வரிவரியாக இருக்கும் வலுவான பெட்டியைத் தேடிப் போடுவது இரண்டு. அதற்குப் பெரிய கிளச்சும் ஃப்ளைவீலும் சேர்ந்து வரவேண்டும். மூன்றாவது என் ஆசை.

ஐந்து கியர் என்பது ஒரு பெட்டியோடு முடிகிற சங்கதி இல்லை. இணைப்புத் தகடு வேண்டும். புரொப்பெல்லர் தண்டின் நீளம் மாறும். கியர்பாக்ஸ் மேடையை வெட்ட வேண்டிவரும். மைனரின் கிளச் கம்பியால் இயங்குவது. அதை ஹைட்ராலிக்காக மாற்ற வேண்டும். இத்தனைக்கும் மேல் பிரேக். கார் வேகமாகப் போனால் வேகமாக நிற்கவும் வேண்டுமே. நான்கு சக்கரத்திலும் இருக்கும் சின்ன டிரம்மை நம்பி 110இல் போக எனக்குத் தைரியமில்லை. என்ஜினையும் மாற்றினால் கிராண்டில் உள்ள என்ஜின் எண் மாறும். ஜேபிஜே அனுமதி, புஸ்பகோம் சோதனை என்று அலைய வேண்டும். சாமர்த்தியமாக ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று விட்டவர்களின் கார்கள்தான் இன்று பல வீட்டுக் கொல்லையில் துருப்பிடிக்கின்றன.

மெக்கானிக் நான்காவதாக ஒன்று சொன்னார். பின் அச்சில் இருக்கும் டிஃப்ரன்ஷியலை மாற்றுவது. எங்கள் 948 சிசி காரில் அதன் விகிதம் 4.55. பிந்தைய 1,098 சிசி காரில் 4.22. உள்பெட்டியை அப்படியே மாற்றிப் பொருத்தலாம். எதையும் வெட்ட வேண்டியதில்லை. 80 கிலோமீட்டரில் 3,300 சுற்று 3,050 அளவுக்கு இறங்கும். மலைப் பாதையில் இந்தச் சின்ன என்ஜின் இதற்கு மூச்சு வாங்கும். ஆனால் எங்கள் பக்கத்தில் மலைக்கு எங்கே போவது? சபாக் பெர்ணமிலிருந்து கோல சிலாங்கூர் வரை அப்பளம் மாதிரித் தட்டைதான்.

பழைய பெட்டிக்குப் புது பேரிங், புது சின்க்ரோ வளையங்கள், இரண்டாவது கியரைப் பிடித்து வைக்கும் புது ஸ்பிரிங்குகள். கிளச்சில் தேய்ந்துபோன கார்பன் பேரிங்கையும் மாற்றினோம். நெரிசலில் கிளச்சில் கால் வைத்தபடியே இருப்பவர்கள் இதை அடிக்கடி மாற்றுவார்கள், நானும் அந்த ரகம். டிஃப்ரன்ஷியல், பேராவில் ஒருவர் கழற்றி வைத்திருந்த பழையது. எல்லாம் சேர்ந்தும் நான் ஒதுக்கியதில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் செலவு. ஒரு பின்விளைவு மட்டும் உண்டு. வேகமானி இன்னும் பழைய கணக்கிலேயே காட்டுகிறது. முள் 50 மைலில் நின்றால் கார் உண்மையில் 54இல் போகிறது. கேமரா இருக்கும் இடத்தில் இதை மறக்கக் கூடாது.

வாய்க்கால் சாலையில்

போன மாதம் நெல் பச்சை கட்டியிருந்த நேரம். அப்பா ஓட்டினார், நான் பக்கத்தில் கைப்பேசியோடு. இரண்டாவது விழுந்த சத்தமே கேட்கவில்லை. பதிவில் அப்பாவின் செருமலும் காற்றும்தான் இருக்கின்றன. கையை எடுத்துவிட்டுக் கியர் கம்பியையே பார்த்துக்கொண்டு வந்தார். அது அங்கேயே நின்றது.

இப்போது சமையலறை நாட்காட்டியில் ஒவ்வொரு மாத முதல் ஞாயிறும் ‘கிரீஸ்’ என்று அவர் கையெழுத்தில் இருக்கிறது. மைல் கணக்கெல்லாம் பார்ப்பதில்லை. நான் ஜாக்கி போட்டுச் சக்கரத்தைத் தூக்குவேன். சக்கரம் தரையில் இருந்தால் சுமை தாங்கும் பக்கத்து மரைக்குள் கிரீஸ் சரியாகப் போகாது. அவர் முக்காலியில் உட்கார்ந்து, நிப்பிளைத் துணியால் துடைத்தாயா, பழைய கிரீஸ் வெளியே வருகிறதா, புதுசு எட்டிப் பார்த்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். அதுவரை அழுத்த வேண்டும்.

சென்ற ஞாயிறு நான் காருக்கு அடியிலிருந்து வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அப்பா மெதுவாகக் கேட்டார்.

"ஆமா, அந்த அஞ்சு கியர் பெட்டி என்ன விலைன்னு சொன்ன?"